முதல் கட்டத்தில் பதினெட்டு டிக்

1

இந்த மாதத்தோடு நான் மலேசியாவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த மாதத்தில்தான் இங்கே தங்குவதற்கான என் பாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதனால் கணக்கு மறப்பதில்லை. என் மனைவி கோமதி இந்த நாட்டில் பிறந்தவள். மகள் தர்ஷினியும் அப்படித்தான். வீட்டில் நான் ஒருவன்தான் வருஷா வருஷம் அனுமதி கேட்டு இருக்கிறவன். கோமதி ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து, இவர் என் வீட்டுக்காரர்தான் என்று கவுன்டரில் நின்று காட்ட வேண்டும். முதல் சில வருஷம் அதற்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். இப்போதெல்லாம் ஃபேக்டரிச் சட்டையோடு வருகிறாள்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். மலாய் பேசுவேன், பாசாரில் மீன் விலைக்குச் சண்டை போடுகிற அளவுக்கு. படிப்பது மெதுவாகத்தான் ஓடும். இருந்தும் எந்த ஃபார்மையும் மூன்று நிமிஷத்தில் நிரப்பிவிடுவேன். அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் சென்னையில் எங்களை ஏற்றி அனுப்பிய ஏஜென்ட். மருத்துவப் பரிசோதனைக்கு முதல் நாள் எங்கள் பதினோரு பேரையும் லாட்ஜ் அறையில் உட்காரவைத்துச் சொன்னார்:

"இல்லைன்னு ஒரு கட்டம் இருக்கும். மேலேருந்து கீழே அதுலயே போங்க. படிச்சுப் பார்த்தா யோசனை வரும். யோசனை வந்தா பிளேன் போயிடும்."

செல்லத்துரை என்று ஒருவன், என்னோடு கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவன், படித்துப் பார்த்தான். வலிப்பு வந்ததுண்டா என்று ஒரு கேள்வி. நாலு வயதில் காய்ச்சலோடு ஒரு தடவை வந்ததாக அவன் அம்மா சொன்னது ஞாபகம் வந்து, ஆமா என்று போட்டுவிட்டான். நாங்கள் பத்துப் பேர் பிளேன் ஏறினோம். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான்.

இங்கே வந்து நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் மலாய் வார்த்தை 'திடாக்'. இல்லை என்று அர்த்தம். ஃபார்ம் கைக்கு வந்ததும் அந்த வார்த்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராகக் கீழே இறங்கிவிடுவேன். நோய் உண்டா, வழக்கு உண்டா, எங்கிருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டாயா? திடாக், திடாக், திடாக். இத்தனை வருஷத்தில் ஒரு தவறும் வந்ததில்லை. இந்த வருஷம் வந்தது. ஆனால் பாஸ் ஃபார்மில் இல்லை.

2

என் தொழில் வாழை இலை. விடிந்ததும் கிள்ளானிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு பந்திங் பக்கம் போவேன். பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சிலர் வாழை போட்டிருக்கிறார்கள். அவர்கள் அறுத்துவைத்த இலையைத் துடைத்து, கிழிந்ததைக் கழித்து, கட்டுக் கட்டாக அடுக்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் இறக்க வேண்டும். ஆறு வருஷமாக இதைச் செய்கிறேன். நான் இவ்வளவு நாள் எதிலும் தங்கியதில்லை. இது ஓடிக்கொண்டே இருக்கிற வேலை, அதனால் ஒத்துப்போகிறது. அதற்கு முன்னால் ஒரே இடத்தில் மூன்று வருஷம் இருந்தது ஒரு சாப்பாட்டுக் கடையில். அங்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், அதனால் இருந்தேன்.

தர்ஷினிக்கு ஒன்பது வயது. கிள்ளானில் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வருஷம் மட்டும் நாலு தண்ணீர்ப் புட்டி தொலைத்திருக்கிறாள். ஒரு நாள் ஒற்றைக் கால் ஷூவோடு பள்ளி வேனிலிருந்து இறங்கினாள். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அவளுக்கும் அது புதுச் செய்தியாக இருந்தது. குனிந்து காலைப் பார்த்தாள்.

அவளால் வகுப்பில் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதுதான் சிக்கல் என்று அவளுடைய வகுப்பாசிரியை பிறகு சொன்னார். மேசை மேல் ஏறுகிற பையன்களை முதல் ஆண்டிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம். இவள் கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள், அதனால் மூன்று வருஷம் யாரும் கவனிக்கவில்லை. கவனக்குறைவு, அதற்கு ஏடிஎச்டி என்று பெயர், அதுவாக இருக்கலாம், நான் டாக்டர் இல்லை, பார்த்துவிடுங்கள் என்றார். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி நடக்கிறது, பிள்ளைகளின் மூளை ஓட்டத்தைத் தொப்பி மாட்டிப் பதிவு செய்து கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கப் பார்க்கிறது, சாதாரண வரிசையில் நின்றால் அடுத்த வருஷம்தான் முறை வரும், இதில் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். கூப்பிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவானால் ஃபைலை மூடிவிடுவார்கள் என்பதையும் சொன்னார்.

நான் அந்தத் தாளை வேனில் போட்டு வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் மூன்று கழித்தல் கணக்கோடு தர்ஷினி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் ஒரு மீன் வரைந்திருந்தாள். அவளாகத்தான் சொன்னாள்.

"நான் மக்குப்பா. டீச்சர் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

எனக்கு அதை மற்றவர்கள்தான் சொன்னார்கள். வாத்தியார்கள், அப்பா, கூடப் படித்தவர்கள். எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் பாதியில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டில் வைக்கோல் லாரி ஒன்று டயர் மாற்றிக்கொண்டு நின்றது. சிறுநீர் கழிக்க அனுமதி வாங்கிக்கொண்டு போய் அதில் ஏறிவிட்டேன். நெல்லூரில் இறங்கினேன். அப்படி ஏறியவன்தான், இன்னும் எங்கேயும் சரியாக இறங்கவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் கிடையாது. நானே கண்டுபிடித்தேன் என்று அவள் சொன்ன குரலில் அழுகை இல்லை. பெயர், வயது, முகவரி சொல்கிற மாதிரி சொன்னாள். மறுநாள் காலை அந்தத் தாளில் இருந்த எண்ணுக்குப் போன் பண்ணினேன்.

3

பாஸ் மாதத்துக்கு லீவு வேண்டும் என்பதால் கோமதி வரவில்லை. நானும் தர்ஷினியும் மருத்துவமனைக்குப் போகக் கிள்ளானில் கொம்யூட்டர் என்கிற மின்சார ரயில் ஏறினோம். முதல் நாளே தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எண்ணெய் இல்லாத தலையோடு அவளைப் பார்க்கவே யாரோ பிள்ளை மாதிரி இருந்தது.

காத்திருக்கும் அறையில் ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். மலாயில் பதினெட்டுக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டம். முதல் கட்டத்தின் தலையில் 'திடாக்' என்று தொடங்கியது. மீதி எழுத்தை நான் படிக்கவில்லை. பேனாவை எடுத்தேன், மேலிருந்து கீழே இறங்கினேன். தர்ஷினி என் தோள் மேல் சாய்ந்து கேள்விகளை முணுமுணுத்துப் படித்துக்கொண்டு வந்தாள். அவள் மலாய் நன்றாகப் படிப்பாள். நான் பன்னிரண்டில் இருக்கும்போது அவள் ஏழுக்கு வந்திருந்தாள்.

"அப்பா, இது நான்தான்" என்று ஏழைத் தொட்டுக் காட்டினாள்.

சும்மா இரு என்றேன். பதினெட்டு டிக். கையெழுத்து. ஃபார்மை வாங்கிக்கொண்ட பெண் அதற்குள்ளாகவா என்று மலாயில் கேட்டாள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

பிறகு தொப்பி. துணியில் செய்தது, பொத்தான் பொத்தானாகக் கம்பி வைத்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு பசையைத் தடவினார்கள். உள்ளே எதுவும் போகாது, மூளையிலிருந்து வருகிற மின்சாரத்தை வெளியிலிருந்து கேட்பதுதான் என்று விளக்கினார்கள். திரையில் மீன் வந்தால் அழுத்த வேண்டும், நண்டு வந்தால் அழுத்தக் கூடாது. தர்ஷினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சோற்றுத் தட்டின் முன்னால் ஐந்து நிமிஷம் உட்காராத பிள்ளை அது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு நிம்மதியாகிவிட்டது. நான் போட்ட பதினெட்டும் சரிதான் என்று நினைத்தேன்.

உள்ளே பதிவைக் கவனித்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண் மட்டும் மூன்று தடவை எழுந்து வந்து தொப்பியைச் சரிபார்த்தாள். மூளை ஓட்டம் கோடாக ஓடிய அவளுடைய திரை தர்ஷினிக்குத் தெரியாத பக்கம்தான் இருந்தது. ஆனால் மூலையில் ஒரு மருந்து அலமாரி. அதன் கண்ணாடியில் அந்தத் திரை தெரிந்திருக்கிறது. தான் கண் சிமிட்டினால் கோடு மலை மாதிரி எழும்புவதை இவள் கண்டுபிடித்துவிட்டாள். சின்ன மலை இரண்டு, பெரிய மலை ஒன்று என்று வரிசையாகச் சிமிட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். மீனும் நண்டும் வந்து போனபடி இருந்திருக்கின்றன.

அந்தப் பெண் கடைசியில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். கெட்டிக்காரி என்று மலாயில் சொன்னாள். ரயிலில் திரும்பும்போது தர்ஷினி அந்த வார்த்தையைப் பலதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தலைமுடியில் பசை காய்ந்து நின்றது. ரயில் கார்டைத் தொலைத்துவிட்டிருந்தாள்.

4

இரண்டு வாரம் கழித்து டாக்டர் தவமணியே போன் பண்ணினார். ஆராய்ச்சியை நடத்துகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். மகளோடு வாருங்கள் என்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் இலையை இறக்கிவிட்டு, பள்ளிக்கு விடுப்பு சொல்லி வேனிலேயே உட்காரவைத்திருந்த தர்ஷினியோடு போனேன்.

மேசை மேல் என் ஃபார்ம் இருந்தது. பக்கத்தில் அதே ஃபார்மைப் பள்ளியில் டீச்சர் நிரப்பி அனுப்பியது. டீச்சருடையதில் மேல்பாதி டிக் எல்லாம் வலது பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. என்னுடையது இடது ஓரத்தில் ஒரே நேர்கோடு.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டேன். அது எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்றார். கண் சிமிட்டியதில் பாதிப் பதிவைக் கழித்துவிட வேண்டியதாகிவிட்டது. மீதியில், இருக்கலாம் என்கிற மாதிரி ஒரு பதில். எப்படி இருந்தாலும் அந்த மெஷினால் மட்டும் முடிவு செய்ய முடியாது, வீட்டிலும் பள்ளியிலும் பார்க்கிறவர்கள் சொல்வதைக் கேட்டு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவு நேரம் அவள் அசையாமல் இருந்ததும் கணக்கில் சேராது, புது இடமும் புது விளையாட்டும் கிடைத்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் நன்றாகவே உட்காருவார்கள் என்றார். பிறகு என் ஃபார்மைக் கையில் எடுத்தார்.

"எல்லாத்தையும் படிச்சீங்களா, மிஸ்டர் கருப்பையா?"

"படிச்சேன் டாக்டர்."

"ஏழாவது கேள்வி என்ன?"

நான் சுவரைப் பார்த்தேன். அங்கே பல் தேய்க்கிற கரடி ஒன்று ஒட்டியிருந்தது.

"சாமான் தொலைக்கிறது" என்றாள் தர்ஷினி. "அதுதான் ஏழு. நான் அன்னிக்கே சொன்னேன், அப்பா கேக்கல."

ஒன்பது வயதுப் பிள்ளையின் முன்னால் பொய் பிடிபட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏஜென்ட் சொன்னதையும், செல்லத்துரை பெட்டியோடு போனதையும், திடாக் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்கிற பழக்கத்தையும் அப்படியே சொல்லிவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார்.

"இது இமிகிரேஷன் இல்லை. இங்க ஆமான்னு போட்டா யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு, அவர்கள் ஏஐ என்று சொல்வதற்கு, தானாக எதுவும் தெரியாதாம். இந்தப் பிள்ளையின் மூளை ஓட்டம் இது, வீட்டில் இப்படி இருக்கிறாள் என்று அப்பா அம்மா எழுதியது இது, டாக்டர் முடிவு செய்தது இது என்று ஜோடி ஜோடியாகக் காட்டித்தான் அதற்குப் பாடம் நடத்துகிறார்களாம். இதுவரை காட்டியதில் பையன்களே அதிகம், அமைதியாக இருக்கிற பெண் பிள்ளைகள் குறைவு.

"உங்க பதினெட்டு டிக்கும் உள்ள போயிருந்தா, இந்த மாதிரி ஓட்டத்துக்குப் பிரச்சினை இல்லைன்னு அது படிச்சிருக்கும். அடுத்து வர்ற பொம்பளைப் பிள்ளைக்கும் அதையே சொல்லும்."

ஒரு மெஷினுக்கு நான் வாத்தியார். எட்டாம் வகுப்பில் லாரி ஏறியவன். இந்த ஃபார்ம் வேறு எந்த ஆபீசுக்கும் போகாதே என்று மட்டும் கேட்டேன். போகாது என்றார். பாதி நம்பினேன். புது ஃபார்ம் ஒன்றைக் கொடுத்து, மூணு நிமிஷத்துல வேணாம், மூணு நாள் எடுத்துக்குங்க என்றார்.

5

கோமதிக்கு முதலில் பிடிக்கவில்லை. டீச்சர் எழுதியதோடு போதாதா, நாமும் எதற்கு நம் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

"பொம்பளைப் பிள்ளைலா. மருந்து சாப்புடுறான்னு ஒருத்திக்குத் தெரிஞ்சா தாமான்ல எல்லா வீட்டுக்கும் தெரியும். நாளைக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க? வேனை எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க."

அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அடுப்படி மேசையில் ஃபார்மை விரித்தேன். தர்ஷினி கேள்வியைப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் கட்டத்தைத் தேடினேன். முதல் கட்டத்துக்கு 'ஒருபோதும் இல்லை' என்று பொருள், அதற்கடுத்தது எப்போதாவது, மூன்றாவது அடிக்கடி, நாலாவது மிக அடிக்கடி. அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். கோமதி எங்களுக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது கேள்விக்கு நான் 'அடிக்கடி'யில் பேனாவை வைத்தேன். முதுகு பேசியது.

"நாலாவது கட்டத்துல போடுங்க. ஒத்தக் கால் ஷூவைத் தொலைச்சது யாரு?"

தர்ஷினிதான் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு கோமதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பேரும் வாதாடினோம். கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பாளா என்ற கேள்வியில் மட்டும் கால் மணி நேரம் போனது. அது மகளுக்கா எனக்கா என்று கோமதி கேட்டாள். ஓடுவது, ஏறுவது, மற்றவர் பேச்சில் குறுக்கே விழுவது என்று வந்த கேள்விகளுக்கு முதல் கட்டத்திலேயே போட்டோம். அது நிஜமான 'இல்லை'.

தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. அன்றைக்கு நான் திருப்பியே பார்க்காத பக்கம். பிள்ளையின் அப்பா, அம்மா யாருக்காவது சிறு வயதில் இதே போல இருந்ததா? இதற்கு இரண்டே கட்டம், யா, திடாக். 'யா' என்றால் ஆமா.

கோமதி என்னைப் பார்த்தாள். "இதுக்கு ஒரு கட்டம் பத்தாதுலா, தனித் தாள் கேட்டு வாங்குங்க" என்றாள்.

நான் பேனாவைத் தூக்கினேன். தர்ஷினி 'யா' கட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள்.

"இதுக்கு மட்டும் திடாக் போடுங்கப்பா. உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

கோமதி சிரிப்பை நிறுத்தினாள். டாக்டர் முன்னால் நான் சொன்ன செல்லத்துரை கதையைத் தர்ஷினி கரடிப் படத்தைப் பார்த்தபடி முழுசாகக் கேட்டிருக்கிறாள். எதையும் கவனிக்காத பிள்ளை. எத்தனை நாளாக இந்தப் பயத்தை வைத்துக்கொண்டிருந்தாளோ. ஒவ்வொரு வருஷமும் அம்மா ஃபேக்டரிச் சட்டையோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய் வருவதையும் இதோடு சேர்த்து அவளாகவே கணக்குப் போட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கை யார் உதவியும் இல்லாமல் முடித்திருக்கிறாள்.

அவள் கையை எடுத்தேன். அடுப்படி முழுக்க வெங்காய வாசனை அடித்தது. அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். இந்த நாட்டில் நான் ஒரு கேள்விக்கு ஆமா என்று போட்டது அதுதான் முதல் தடவை. டிக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

6

பிறகு நடந்தது எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. இன்னொரு தடவை தொப்பி மாட்டினார்கள், இந்தத் தடவை அலமாரியைத் துணி போட்டு மூடிவிட்டு. டாக்டர் தவமணி தர்ஷினியோடு தனியாகவும் எங்களோடு தனியாகவும் பேசினார். கவனம் சிதறுகிற வகை, ஓடியாடுகிற வகை இல்லை என்று முடிவு சொல்லிப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். இப்போது அவள் முதல் வரிசையில் உட்காருகிறாள். பத்துக் கணக்கை ஒரே தாளில் கொடுக்காமல் இரண்டிரண்டாகக் கொடுக்கிறார்கள். மருந்து வேண்டுமா என்பதை அடுத்த தேதியில் பேசலாம் என்றிருக்கிறார். அந்தத் தேதிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஐந்தாவது தண்ணீர்ப் புட்டியும் போய்விட்டது. மக்கு என்கிற வார்த்தையை அவள் மறுபடி சொல்லி நான் கேட்கவில்லை. சொல்லாமல் நினைக்கிறாளா என்பதை எந்தத் தொப்பி மாட்டிக் கேட்பது என்று தெரியவில்லை.

நீங்களும் ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாமே என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இலை வாடிவிடும் டாக்டர் என்றேன்.

நேற்று பாஸ் புதுப்பிக்கப் போனோம். பள்ளி விடுமுறை, தர்ஷினியும் வந்தாள். எண் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தோம். கோமதி தூங்கிவிட்டாள், இரவு ஷிப்ட் முடித்து, அடுத்ததற்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள். நான் ஃபார்மை மடியில் வைத்துப் பேனாவை எடுத்தேன். தர்ஷினி என் தோள் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இது ஆமா ஃபார்மாப்பா, இல்லை ஃபார்மா?"

இல்லை ஃபார்ம் என்றேன். தலையாட்டினாள். வரி மாறிவிடாமல் இருக்கப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. முதல் கேள்விக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். நான் டிக் போட்டதும் விரலை ஒரு வரி இறக்கினாள். இப்படியே கடைசி வரைக்கும் போனோம். அவள் ஒரு வரிகூடத் தவறவில்லை.